அன்ஃபார்ச்சுனேட்லிக்குப் பிறகு ஒரு கமா

பிப்ரவரி 12, திங்கள்

தினமும் ஒரு பக்கம் இங்கிலீஷில் டைரி எழுத வேண்டும் என்பது ஹரிணி மேடத்தின் உத்தரவு. இங்கிலீஷில் எழுதினால் எழுந்தேன், குளித்தேன், டூட்டிக்குப் போனேன் என்று மூன்று வரியில் என் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அந்த மூன்று வரி அவளுக்குக் காட்டத் தனி நோட்டில் இருக்கிறது. இது எனக்கு.

மேடம் என்று எழுதுகிறேனே தவிர, ஹரிணிக்கு இருபத்தாறு வயது. என்னைவிட ஏழு வயது சின்னவள். எம்.ஏ. இங்கிலீஷ். வடபழனியில் ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு நடக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸுகள் எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி. பதினோரு நர்ஸுகள், ஒரு ஹரிணி. அந்த அறையில் ஓர் உயிர் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்காத ஒரே ஆள் அவள்தான். அவள்தான் எங்களுக்கு மரணச் செய்தி சொல்லக் கற்றுக்கொடுக்கிறாள்.

நான் ஐ.சி.யு.வில் ஒன்பது வருஷம் இருக்கிறேன். போன தடவை வாசிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் தேறி, பேசுவதில் கோட்டை விட்டேன். முடிவு சொல்லி வந்த மெயிலின் முதல் வார்த்தையே அன்ஃபார்ச்சுனேட்லி. மார்ச் 9, சனிக்கிழமை நான்கையும் மறுபடி எழுதுகிறேன். இதிலும் போனால் அயர்லாந்தில் எனக்காக வைத்திருக்கும் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஏஜென்ட் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 14, புதன்

இன்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பரீட்சையில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதில் நிலைமை எழுதியிருக்கும். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார், நாம் நர்ஸாகப் பேச வேண்டும். இன்றைக்கு ஹரிணிதான் மிஸஸ் வில்சன். ஆபரேஷனில் புருஷன் இறந்துவிட்டார், நான் சொல்ல வேண்டும். உட்கார வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். பிறகு, "மதியம் சாப்பிட்டீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

ஹரிணி நடிப்பை நிறுத்திவிட்டாள். "அக்கா, எதுக்கு லஞ்ச் பத்தி கேக்குறீங்க? அவங்க ஹஸ்பண்ட் இறந்துட்டாரு."

"அதனாலதான் மேடம் கேக்குறேன். சொல்லிட்டா, எடுக்குற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. அந்தம்மா மயங்கி விழுந்தா அதுக்கொரு பெட்ட நான்தான் தேடணும்."

"மிஸஸ் வில்சன் வீட்ல அந்த வழக்கமெல்லாம் இல்லக்கா. அவங்களுக்கு விஷயம்தான் வேணும்."

அப்புறம் போர்டில் அந்த வார்த்தையைப் பெரிதாக எழுதினாள். அன்ஃபார்ச்சுனேட்லி. வாக்கியத்தின் தலையில் வரும். அதற்குப் பிறகு ஒரு கமா. கமாவில் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்த மூச்சில் கேட்பவர் தன்னைப் பிடித்துக்கொள்வார். அதன் பிறகு செய்தி, சுற்றி வளைக்காமல். வார்த்தைக்கு அர்த்தம், நடந்தது உன் தப்பும் இல்லை என் தப்பும் இல்லை, ஆனால் நடந்துவிட்டது, எனக்கும் வருத்தம் என்பது. இன்னும் முடிவாகாத விஷயத்துக்கு இதைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

நல்ல வார்த்தைதான். ஆனால் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றாலும் இதே வார்த்தை, ஆள் போய்விட்டார் என்றாலும் இதே வார்த்தையாம். என் பழைய போனில் வாட்ஸப் நின்றுபோனபோதுகூட இதைத்தான் காட்டியது. அகராதியில் துரதிர்ஷ்டவசமாக என்று போட்டிருக்கிறது. பேப்பரில் படித்திருக்கிறேன். ஒரு மனுஷன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

அறந்தாங்கிக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். அப்பா இல்லையாம், தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம், தம்பி சம்பந்தன் காரில் கூட்டிப் போயிருக்கிறானாம். பின்னணியில் டி.வி. சத்தம் இல்லை. அம்மா வெள்ளிக்கிழமை மதியம் டி.வி. போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஹரிணியின் பாடத்தை அப்பாவிடம் சொல்ல நினைத்திருந்தேன். அவருக்குப் பிடிக்கும். அப்பா முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஜனங்கள் படியில் காலை வைப்பதற்கு முன்பே, "இந்த வண்டி அங்க நிக்காது, பின்னால வர்றதுல ஏறு" என்று கத்திவிடுவார். ஏன் இப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறீர்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிரணும் அரசி. ஏத்திட்டு நடுவழியில சொன்னா அவன் எங்க எறங்குவான்?" என்றார். மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்த மனிதர், அரசி என்று கூப்பிடுவது அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் மங்கை.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஆறாம் பெட் காலை ஏழு ஐம்பதுக்குப் போய்விட்டார். டிரைவர், நாற்பத்தெட்டு வயது. வெளியில் மனைவி மட்டும். சொந்தக்காரர்கள் செங்கல்பட்டு தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். மச்சினர் எனக்குப் போன் செய்து, "சிஸ்டர், நாங்க வர்ற வரைக்கும் சொல்லாதீங்க, அது நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார். டாக்டர் வேறு ஒரு கேஸில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவை கேன்டீனுக்குக் கூட்டிப் போய், "டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லி, பொங்கல் வாங்கிக் கொடுத்தேன். முழுசாகச் சாப்பிட்டாள். வடையை அவருக்கு என்று காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு எல்லோரும் வந்த பிறகு சொன்னோம். அழுது முடித்து, மதியம் என்னைத் தேடி வந்தாள்.

"அவரு செத்துக் கெடக்கையில என்னயப் பொங்கல் திங்க வச்சிட்டியேம்மா. நெய் பத்தலன்னு வேற சொன்னேனே."

அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் செய்தது சரிதான். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, வெறும் வயிற்றில் விழுந்திருப்பாள். ஒன்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், ஒருத்தர்கூட விழுந்ததில்லை.

அந்த வடையை அவள் என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை யார் கல்யாணம் வைக்கிறார்கள்?

எழுத்துத் தேர்வுக்கு இரண்டு மாதிரிக் கடிதம் எழுதி முடித்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

சாயங்காலம் தொடர்ந்து மூன்று தடவை அடித்ததும் அம்மா அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. பேச்சுக்கு நடுவே விக்கல். ஒரு விக்கல், இரண்டு வார்த்தை, மறுபடி விக்கல். தண்ணீர் குடியுங்கள் அப்பா என்றேன். அளவாகத்தான் குடிக்க விடுகிறார்கள் என்றார். அம்மா பின்னாலிருந்து ஏதோ சொன்னாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மிஸஸ் வில்சன் கதையைச் சொன்னேன். சிரித்தார். "அந்தப் புள்ள சொல்றதுதான் சரி. நீ சோத்தக் காட்டி ஏமாத்துற." அப்புறம் ஒரு விக்கல். "வேற ஒண்ணும் கேக்கணுமா அரசி?" என்றார்.

"இல்லப்பா."

"சரி. பரீட்சைய முடி."

அப்பாவுக்கு வயது அறுபத்தாறு. சர்க்கரை இருபது வருஷமாக. அந்த வயதில் விக்கல் வரும். சாப்பாடு வேகமாகச் சாப்பிட்டால் யாருக்கும் வரும்.

துணி துவைத்தேன். வெள்ளை யூனிஃபார்மில் அயோடின் கறை போகவே இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

சம்பந்தன் அவனாகவே போன் செய்தான். ஊரில் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறான், பேச்சில் கெட்டிக்காரன், இங்கிலீஷ் மட்டும் அவனுக்கு ஆகாது. குரலில் ஏதோ சுரத்தில்லை. நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அன்ஃபார்ச்சுனேட்லி சொல்லிக் கொடுத்தேன்.

"அன்பார்ச்சு..."

"நேட்லி. அப்புறம் ஒரு கமா, நிறுத்தணும். அப்புறம் விஷயத்தச் சொல்லணும்."

"என்ன விஷயம்?"

"ஏதாவது கெட்ட விஷயம். சும்மா சொல்லிப் பாரு."

"அன்பார்ச்சுனேட்லி," என்றான். நிறுத்தினான். நன்றாகவே நிறுத்தினான், ஹரிணி கேட்டிருந்தால் பாராட்டியிருப்பாள். பிறகு, "எனக்கு வெளிய வேல இருக்குக்கா, வைக்கிறேன்" என்றான்.

மார்ச் 2, சனி

மாதிரித் தேர்வு. மிஸஸ் வில்சனின் புருஷன் இந்த வாரம் நான்காவது தடவையாக இறந்தார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. வார்த்தையைச் சொன்னேன், செய்தியையும் சொன்னேன்.

ஹரிணி பேனாவைக் கீழே வைத்தாள். "சூப்பரா வருதுக்கா. ஆனா கமாவுல நிக்க மாட்டேங்குறீங்க. அடுத்த வார்த்தைக்கு ஓடுறீங்க. சொல்றதுக்கே பயமா இருக்கா?"

"எத்தன வருஷமா சொல்றேன், எனக்கென்ன பயம்."

"எத்தன வருஷமா சொல்லாம இருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. சின்னப் பெண் என்று நினைத்தது தப்பு.

டீ வாங்கிக் கொடுத்தாள். அவளுடைய அப்பா இறந்தபோது அவளுக்குக் கல்லூரிப் பரீட்சையாம். மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்களாம். இவள் சாவைப் பார்த்ததில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பார்க்க விடவில்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

இன்றும் தஞ்சாவூரில் கல்யாணம்.

மார்ச் 8, வெள்ளி

காலை எட்டரைக்கு கேன்டீனில் மூன்று இட்லி சாப்பிட்டேன். இன்றைக்கும் நாளைக்கும் லீவு போட்டிருந்தேன். ஹாஸ்டலில் கரண்ட் இல்லை, அதனால் ஆஸ்பத்திரிக்கே வந்து படித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது பத்துக்குச் சம்பந்தன் போன் செய்தான்.

"சாப்ட்டியாக்கா?"

"சாப்ட்டேன். நீ?"

"ம். நல்லா சாப்ட்டியா? வயிறு நெறைய?"

"மூணு இட்லி. ஏன்டா?"

"சும்மாதான். நாளைக்கி நல்லா எழுது. முடிஞ்ச ஒடனே எனக்குப் போன் பண்ணு, வேற யாருக்கும் பண்ணாத."

வைத்துவிட்டான். நோட்டைப் பிரித்து, பயன்படும் வாக்கியங்களில் எட்டு படித்தேன்.

இன்று சிவராத்திரி.

எங்கள் வீட்டில் சிவராத்திரி அன்று யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து கேட்டதில்லை. சம்பந்தன் ஏழு வயதிலேயே அப்பாவோடு சேர்ந்து பட்டினி கிடந்தவன்; நான்தான் சென்னைக்கு வந்து விட்டுவிட்டேன். ஊரெல்லாம் சாப்பிட்டாலும் நமசிவாயம் கண்டக்டர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

மார்ச் 8, பஸ்ஸில்

விக்கிரவாண்டி தாண்டிவிட்டது. வண்டி குலுங்குகிறது, எழுத்து கோணலாக வருகிறது.

ஒன்பதே முக்காலுக்கு நானே போன் செய்தேன். அவன் எடுத்தான். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், நாற்காலிகளை இறக்கிப் போடும் சத்தம்.

"சம்பந்தா, சாப்ட்டுட்டேன். சொல்லு."

"என்னக்கா சொல்றது? ஒண்ணும் இல்லையே. அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. நாளைக்கிப் பரீட்சைய முடிச்சிட்டு..."

"டேய். நான் இதே வேலையத்தான் ஒம்போது வருஷமா பாக்குறேன்."

நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாற்காலி, இன்னொரு நாற்காலி.

"உனக்குச் சொல்லிக் குடுத்தேன்ல. அந்த வார்த்தையச் சொல்லு. மிச்சம் தானா வரும்."

"அன்பார்ச்சுனேட்லி," என்றான் என் தம்பி. அந்தக் கமாவில் அவன் நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியாது. கேன்டீனில் யாரோ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா போயிட்டாகக்கா. காலைல ஆறு மணிக்கு."

நாளை பரீட்சை முடியும் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பது என்று பேசி முடித்திருக்கிறார்கள். எல்லாம் எனக்காகத்தான். என் மேல் இருக்கும் பிரியத்தை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

மூன்று இட்லி. சட்னி நன்றாக இருக்கிறது என்று மாஸ்டரிடம் வேறு சொன்னேன்.

மார்ச் 11, திங்கள். அறந்தாங்கி

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எடுத்தார்கள். பரீட்சையில் பேசும் பகுதி எனக்கு அதே பதினோரு மணிக்குத்தான்.

இன்றைக்குத்தான் அம்மாவோடு தனியாக உட்கார முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த ரசம் சாதத்தை ஆளுக்கொரு வாய் சாப்பிட்டோம். கல்யாணம் என்று சொன்னதெல்லாம் டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும். ஒன்பது தடவை போயிருக்கிறார்கள்.

"என்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அப்பாதான் சொன்னாகளா?"

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுகளா? அவுக மொத நாளே சொல்லிட்டாக, அரசிகிட்ட நேராச் சொல்லிருங்க, அவ நர்ஸு, தாங்குவான்னு. நாங்கதான்... ஒனக்குப் பரீட்சைன்னு... தெனமும் கேப்பாக, சொல்லியாச்சா சொல்லியாச்சான்னு. சொல்லியாச்சுன்னு சொல்லிட்டோம்."

"எப்ப?"

"அது ஆச்சு, ஒரு மாசம்."

தட்டைத் தள்ளி வைத்தேன். ஒரு மாதமாக அப்பா, எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். தெரிந்தும் வராமல், போனில் மிஸஸ் வில்சன் கதை சொல்லிச் சிரிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். வேற ஒண்ணும் கேக்கணுமா அரசி என்று அதற்காகத்தான் கேட்டிருக்கிறார்.

"நான் வரலன்னு ஏதாச்சும் சொன்னாகளா?"

"ஒண்ணும் சொல்லல. பரீட்சை இருக்குல்ல, முடிச்சிட்டு வரட்டும்னாக. அப்புறம் கட்டில வாசப்பக்கமாத் திருப்பிப் போடச் சொன்னாக."

கட்டில் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. தலைமாட்டில் படுத்துப் பார்த்தேன். கேட், அதற்கு அப்பால் ரோடு, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் தெரிகிறது.

அம்மாவையும் சம்பந்தனையும் திட்ட வேண்டும் என்று எழுந்தேன். திட்ட முடியவில்லை. இந்த நோட்டைத் திருப்பிப் படித்துவிட்டேன். விக்கல் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். தண்ணீர் அளவாகக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக் கல்யாணம் என்று எழுதியிருக்கிறேன். முதல் வருஷ நர்சிங் மாணவிகூட இது கிட்னி என்று சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியும். கேட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை. மங்கைக்குத் தெரியும் என்று அவர்கள் அப்பாவிடம் சொன்னது பொய்யே இல்லை.

அதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

சொன்னேன். அம்மா என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கும் தெரியும்டி, ஒனக்குத் தெரியும்னு," என்றாள்.

ஏப்ரல் 3, புதன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து டூட்டிக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. அயர்லாந்து இடம் வேறு பெண்ணுக்குப் போய்விட்டது. மே 11க்கு மறுபடி பதிவு செய்திருக்கிறேன். ஹரிணி, வகுப்பில் என் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

இன்று நான்காம் பெட் அம்மா. தேறிவந்தார், நாளை வார்டுக்கு மாற்ற இருந்தோம். மதியம் பன்னிரண்டு ஐந்துக்குத் திடீரென்று நெஞ்சு நின்றது, திரும்பவில்லை. மகள் லதா பிரபா, ஸ்கூல் டீச்சர், சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன்காரன் போனில் வழக்கமானதைத்தான் சொன்னான். "சிஸ்டர், தங்கச்சி காலைலேருந்து சாப்பிடல. சாப்பிட வச்சிட்டு..."

"சார், நான் சொல்லிடுறேன்," என்றேன். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். அவரும் கூட வந்து நின்றார்.

அவள் லிஃப்டிலிருந்து இறங்கியதும், கதவுக்குள் வருவதற்கு முன்பே நிறுத்தினேன். உட்கார வைத்தேன். வாய் தானாகச் சாப்பாட்டுக்குப் போனது, அடக்கிக்கொண்டேன்.

"லதா," என்றேன். நின்றேன். ஒரு முழு மூச்சு. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா தவறிட்டாங்க. பன்னண்டு அஞ்சுக்கு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவள் மயங்கி விழவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள், வந்து அழுதாள், மறுபடி உள்ளே போனாள். நெற்றி இன்னும் சூடாக இருக்கிறது என்று வந்து சொன்னாள். தாமதமாகச் சொல்லியிருந்தால் அது அவளுக்குக் கிடைத்திருக்காது.

இரண்டு மணிக்கு அண்ணன் வந்ததும், டிபன் கேரியரை என் கையில் கொடுத்தாள். "நீங்க சாப்பிடுங்க சிஸ்டர். நாங்க இனிமே சாப்பிட முடியாது, வீணாப் போயிரும்."

நர்ஸுகள் அறையில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டேன். குழைய வடித்த சாதம், பருப்பு ரசம், பீர்க்கங்காய்க் கூட்டு. அம்மாவுக்காக உப்பே போடாமல் செய்திருந்தாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, கேரியரைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.